குமுளிக்கு மேலே கள்ளுக்கடை, கீழே கேஸ்: எதைத் தடுப்பது, எதை விற்பது?

கேள்வி: கம்பம் டீக்கடை

வெளியூரில் யாராவது ஊர் எது என்று கேட்டால் கம்பம் என்பேன். கேட்டவர் மலையாளியாக இருந்தால் உடனே ஒரு சிரிப்பு வரும். "கம்பமா? அப்போ கையில ஏதாவது இருக்குமே" என்பார். பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் என்பதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. இத்தனைக்கும் எங்கள் பக்கத்து மலைகளில் திருட்டுத்தனமாகக் கஞ்சாச் செடி போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது பிடிபடுகிற மூட்டைகள் ஆந்திரா, ஒடிசா பக்கமிருந்து வந்து இந்த வழியாகக் கேரளா போகிறவை. சரக்கு யாருடையதோ, பெயர் எங்களுக்கு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் 22 வருடமாக டீக்கடை நடத்துகிறேன். சந்தின் அந்த முனையில் அரசு மதுக்கடை, இந்த முனையில் நான். அங்கே பகல் 12 மணிக்குத்தான் ஷட்டர் தூக்குவார்கள். பதினொன்றரைக்கே ஆட்கள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கிளாசை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார்கள், அவ்வளவு நடுக்கம். சிந்தாமல் இருக்கட்டும் என்று அவர்களுக்கு முக்கால் கிளாஸ்தான் ஊற்றுவேன். எழுந்து போகும்போது என்னிடமே தண்ணீர், கப், அவித்த முட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். மறைக்க என்ன இருக்கிறது, என் கல்லாவில் பாதி டீக்காசு, மீதி இந்தக் காசு.

இப்போது இரண்டு பேர் கதை சொல்கிறேன்.

என்னிடம் மாஸ்டராக இருக்கும் பையனுக்கு 24 வயது. கை சுத்தம். அவன் ஆற்றினால் டீயில் நுரை கடைசி மடக்கு வரை நிற்கும். போன தை மாதம் இரவு கடை சாத்திவிட்டுப் போனவனைச் சட்டைப்பையில் இரண்டு பொட்டலத்தோடு பிடித்துவிட்டார்கள். 40 கிராம் என்று எழுதியிருக்கிறது. 12 நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். கேஸ் நடக்கிறது. சவூதியில் ஓர் ஓட்டல் வேலைக்குப் பேசி வைத்திருந்தான், பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையில் நின்றுபோனது. அவன் அம்மா சாயங்காலம் கடைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இன்னொருவர் என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன். 2022இல் கல்லீரல் கெட்டு 46 வயதில் செத்துப்போனார். அவர் ஒரு நாளும் சட்டத்தை மீறியவர் இல்லை. வாங்கிய ஒவ்வொரு குவார்ட்டருக்கும் வரி கட்டியவர். எடுப்பு அன்றைக்குக் குழி வெட்டினவர்கள், "தொண்டை காயுது" என்றார்கள். வழக்கம்தானே என்று காசை எடுத்துக் கொடுத்தேன். அவர் 20 வருடம் கையை நீட்டிய அதே கம்பி ஜன்னலுக்குத்தான் அந்தக் காசும் போனது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் குமுளி. கம்பத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மலைமேலே இறங்கிவிடலாம். எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் லைசன்ஸ் வாங்கின கள்ளுஷாப். கப்பைக்கிழங்கு, மீன்கறி, ஒரு குப்பி கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் முகங்கள் அங்கே நிறைய இருக்கும். கீழே எங்கள் பக்கம் ஒருவர் அதே மாதிரி மரத்தில் பாளை சீவிக் கலயம் கட்டினால் கேஸ். 1987 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. விஸ்கி விற்கிற அரசாங்கம் கள்ளைத் தடுக்கிறது. இதற்கு ஒரு நியாயம் சொல்கிறவருக்கு என் கடையில் ஆயுசுக்கும் டீ இலவசம்.

பெஞ்சில் தினமும் இதே வாய்ச்சண்டைதான். ஒருவர் தாய்லாந்தில் கஞ்சாவைக் கடை போட்டே விற்கிறான் என்கிறார். இன்னொருவர் சிங்கப்பூர் மாதிரி தூக்கில் போடு என்கிறார். இரண்டு பேருக்கும் டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டையும் மூடுவதா, இரண்டையும் திறப்பதா, இல்லை இப்போது இருக்கிற மாதிரி ஒன்றுக்கு ஜன்னல், ஒன்றுக்கு விலங்கு என்று இருப்பதுதான் சரியா? மாஸ்டருக்காகத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாலும் தப்பில்லை.


பதில்: மதுரை குமாஸ்தா

அண்ணே, 31 வருடமாக வக்கீல் குமாஸ்தா நான். அதில் பாதி, போதைப்பொருள் கேஸ்கட்டு சுமந்தே கழிந்தது. நாட்டு விஷயம் இருக்கட்டும், முதலில் உங்கள் மாஸ்டர்.

1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் எல்லாமே தராசுக் கணக்கு. கஞ்சா என்றால் ஒரு கிலோவுக்குள் இருப்பது சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. சிறு அளவுக்கு அதிகபட்சம் ஒரு வருடம், அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். 40 கிராம் கேஸ் மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு வரவே வராது, உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடியும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். சில பேர் கேஸை முடித்தால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடுவார்கள். கட்டினால் தண்டனை பெற்றவன் என்று ஆகிவிடும். அந்தச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறு அளவில் மாட்டியவன் அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவனாக இருந்து, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், அவன்மீது வழக்கு நடத்த வேண்டியதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் இதைக் கேட்டு மனுப் போட வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஏனென்றால் பையனைப் பழக்கக்காரன் என்று எழுதிக் கொடுக்க அம்மாக்களுக்கு மனசு வராது. உங்கள் வக்கீலிடம் இன்றைக்கே கேளுங்கள். பாஸ்போர்ட்டும் ஒரேயடியாகப் போகவில்லை, கேஸ் நிலுவையில் இருந்தாலும் கோர்ட்டில் அனுமதி வாங்கி விண்ணப்பிக்க வழி உண்டு.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். ஒரு லாரி கிளீனர் கதை. 21 கிலோ சொச்சம் என்று எழுதிவிட்டார்கள். 20ஐத் தாண்டிவிட்டதால் பிரிவு 37. அதன்படி ஜாமீன் தர வேண்டுமென்றால், இவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி திருப்தியடைய வேண்டும். விசாரணை தொடங்குவதற்கு முன்னாலேயே! குதிரைக்கொம்புதான். ஆனால் சட்டத்தின்படி கஞ்சா என்றால் பூத்த, காய்த்த நுனிகள் மட்டும். தனியாக இருக்கிற இலையும் விதையும் கணக்கில் வராது. அந்த மூட்டையில் காம்பு, இலை, விதை, ஈரம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திருந்தார்கள். எங்கள் சீனியர் அதை வைத்தே வாதாடினார். விடுதலையாகி வெளியே வரும்போது மூன்று வருடம் போயிருந்தது. அவனுக்குக் கூலியாகப் பேசியது நாலாயிரம் ரூபாய். மூட்டையின் சொந்தக்காரன் கேஸ்கட்டில் ஒரு பக்கத்திலும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. இலை கணக்கில் வராது என்றேனே, அந்த இலையை அரைத்துச் செய்வதுதான் பாங்கு. காசியில் அரசு லைசன்சோடு பாங்குக் கடை நடக்கிறது. ஒரே செடிதான், இலைக்கு லைசன்ஸ், பூவுக்கு ஜெயில். உங்கள் கள்ளு நியாயத்துக்கு இது பங்காளி.

வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சாவுக்கும் ஆப்காரி கடை, அதாவது வரி போட்டு லைசன்ஸ் கொடுத்த கடை, இருந்தது. அதை ஒழிக்கலாமா என்று 1893இல் ஒரு கமிஷன் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தார்கள். முழுத் தடை வேண்டாம், வரி போடு, லைசன்ஸ் கொடு, கட்டுக்குள் வை என்பதுதான் சாரம். அவனுக்கு வரி முக்கியம் என்பதையும் மறக்கக்கூடாது. என்னைக் கேட்டால், கையில் பொட்டலம் வைத்திருப்பவனை ஜெயிலுக்கு அனுப்புவது வேண்டாம். கடை போடலாமா என்றால், 31 வருடம் கழித்தும் எனக்குத் தெளிவில்லை.


பதில்: காந்தி நகர் பொதுஜனம்

இதில் குழம்ப என்ன இருக்கிறது? இரண்டையும் இழுத்து மூட வேண்டும். ராஜாஜி 1937 அக்டோபர் 1இல் சேலம் ஜில்லாவில் மூடவில்லையா? வருமானம் போகிறதே என்று உட்கார்ந்து அழவில்லை, விற்பனை வரி போட்டு ஈடுகட்டினார். இப்போது 2023-24இல் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி. அந்தக் காசை விட மனசில்லை, அதற்குத்தான் இத்தனை தத்துவம். டீக்கடைக்காரர் முதலில் கப் விற்பதை நிறுத்தட்டும்.


பதில்: மதுரை குமாஸ்தா

மதுவை நிறுத்தியதால் விழுந்த ஓட்டையை அடைக்க வந்த விற்பனை வரி பெயரை மாற்றிக்கொண்டு இன்றைக்கும் இருக்கிறது. மதுவும் திரும்பி வந்துவிட்டது. நமக்கு இரண்டும் மிச்சம்.

பீகாரில் 2016 ஏப்ரலில் முழுசாக மூடினார்கள். அங்கே நடந்ததை நான் கோர்ட் பக்கமிருந்துதான் சொல்ல முடியும். ஜாமீன் மனுக்கள் குவிந்து நீதிமன்றம் திணறுகிறது என்று 2021 டிசம்பரில் அப்போதைய தலைமை நீதிபதி ரமணாவே பொதுமேடையில் சொன்னார். முன்யோசனை இல்லாமல் சட்டம் போடுவதற்கு உதாரணமாக அதைக் காட்டினார். அந்த மனுக்களெல்லாம் யாருடையவை என்று நினைக்கிறீர்கள்? சாராய முதலாளிகளுடையவையா?


பதில்: சிராங்கூன் சாலை

பெஞ்சில் உட்கார்ந்து "தூக்கில் போடு" என்று சொல்வது சுலபம். நான் சிங்கப்பூரில் 14 வருடமாகக் கப்பல் பட்டறையில் இருக்கிறேன். இங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2022 ஏப்ரலில் மலேசியத் தமிழர் ஒருவரைத் தூக்கில் போட்டார்கள். அவர் தொடையில் கட்டிக்கொண்டு வந்தது 43 கிராமுக்கும் குறைவான ஹெராயின். அறிவுத்திறன் குறைந்தவர் என்று வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அடுத்த ஏப்ரலில் இன்னொரு தமிழர், ஒரு கிலோ சொச்சம் கஞ்சா. அவர் கையில் சரக்கே பிடிபடவில்லை. போன் நம்பரை வைத்துத்தான் கூட்டுச்சதி என்று நிரூபித்தார்கள். எங்கள் தங்குமிடத்தில் அன்றைக்கு ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. மலேசியா 2023இல் கட்டாயத் தூக்கை எடுத்துவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நீதிபதி யோசிக்கலாம், இந்தப் பக்கம் பெரும்பாலும் கிராம்தான் பேசும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வேலை முடிந்து பெண்பிள்ளைகள் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிற ஊர் இது. அதைப் பார்த்துவிட்டு, இந்தச் சட்டத்தால்தானோ என்று நானே பல தடவை நினைத்ததுண்டு. ஆனால் பேப்பரில் வருவது எப்போதும் சுமந்துவந்தவன் படம்தான், அனுப்பினவன் படத்தை நான் பார்த்ததில்லை.

மதுவுக்கு இங்கே கடை உண்டு, கட்டுப்பாடும் உண்டு. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலிலிருந்து இரவு பத்தரை முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு பகலிலும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பீர் குடித்த எங்களுக்கு அது பெரிய இழப்பு. இப்போது வட்டமாக உட்கார்ந்து மோர் குடிக்கிறோம். சிரிக்காதீர்கள், உண்மை.


பதில்: சுற்றுலா போனவன்

தாய்லாந்து பற்றி ஒரு வரி. 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விற்பனைக்கு விதி எழுதும் முன்னாலேயே கடைகள் முளைத்துவிட்டன. பாங்காக்கில் நான் தங்கின தெருவில் பச்சை இலை போர்டு ஏழு எண்ணினேன், இட்லி கிடைக்கிற கடை ஒன்று. 2025 ஜூனில் திரும்பவும் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று மாற்றிவிட்டார்கள். உங்கள் பெஞ்சுக்காரருக்குப் பழைய செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது.


பதில்: கம்பம் டீக்கடை

குமாஸ்தா ஐயாவுக்குக் கும்பிடு. 64ஏ பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. மாஸ்டரிடம் நேற்று ராத்திரி கடை கழுவும்போது கேட்டேன். "அடிமையெல்லாம் இல்லண்ணே, ராத்திரிக்கு மட்டும்" என்றான். எத்தனை வருடமாக என்றால், பத்தாவது படிக்கும்போதிலிருந்து. ஒரு நாள் விட்டால்? தூக்கம் வராதாம், எரிச்சல் வருமாம். இரண்டு வருடமாக என் பக்கத்தில் நின்று டீ போடுகிறவன், எனக்கு இது தெரியாது. கண் சிவந்திருந்தால் அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

பொதுஜனம் ஐயா, கப் விற்பதைப் பற்றிச் சொன்னீர்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் கப்பையே தடை செய்தார்களே, அப்போது என்ன நடந்தது தெரியுமா? முன்னால் கயிற்றில் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது கல்லாப்பெட்டிக்கு அடியில் போனது. ஒரு ரூபாய் கப் இரண்டு ரூபாய் ஆனது. ரெய்டு வருகிற அன்றைக்குப் பேப்பர் கப். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தடை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017இல் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேல் மூடினார்களே, அப்போது எங்கள் பக்கம் ஒரு கடை மூன்று மாதம் இல்லை. முதல் வாரம் பெண்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. என் மச்சானே நாலு நாள் குடிக்காமல் இருந்தார். பிறகு சந்துக்கடை வந்தது. வேறு ஊர்க் கடையில் பெட்டியாக வாங்கிவந்து வீட்டுத் திண்ணையில் வைத்து விற்பார்கள், பாட்டிலுக்கு 50 ரூபாய் கூட. விடியற்காலை 5 மணிக்கும் கிடைக்கும். அரசுக் கடைக்காவது 12 மணி என்று ஒரு கணக்கு இருந்தது. அந்த நாலு நாளை மட்டும் என் வீட்டுக்காரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.


பதில்: வார்டு சிஸ்டர்

அண்ணா, அந்த நாலு நாளை உங்கள் வீட்டம்மா மறக்கவில்லை என்கிறீர்களே, நானும் மறக்காமல்தான் இதை எழுதுகிறேன். போதை மறுவாழ்வு வார்டில் 11 வருடமாக நர்ஸ். ஊர் வேண்டாம்.

எங்கள் வார்டில் பத்துப் படுக்கை. எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் ஏழு எட்டில் மது. பில்லோடு விற்ற மது. உடம்பு ரொம்பப் பழகினவர்கள் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாள் ராத்திரிதான் கண்டம். போர்வையில் பூச்சி ஊறுகிறது என்று உதறுவார்கள், இல்லாத லாரிக்கு ரிவர்ஸ் சொல்வார்கள், சில பேருக்கு வலிப்பு வரும். மாத்திரை, ஊசியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மச்சான் நாலு நாள் வீட்டிலேயே நிறுத்தினார் என்றீர்கள், ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

கஞ்சாவால் அப்படி உயிர் போகாது என்று இங்கே யாராவது சொல்ல வருவார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன், போன மாதம் 19 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். 14 வயதில் தொடங்கியது. அம்மா போடுகிற சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று முட்டையை மட்டும் சாப்பிடுவான், அதையும் தன் கையால் உரித்தால்தான். டிவியில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பான். எல்லோருக்கும் இப்படி ஆகாது. மனநோய் குடும்பத்தில் இருந்தால், சின்ன வயதில் தொடங்கினால், ஆபத்து கூடுதல். அவனை மாதிரிப் பையன்களைப் பார்க்கும் எனக்குச் சந்து முனையில் இன்னொரு ஜன்னல் திறப்பதை நினைக்கவே முடியவில்லை. 2018இல் எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் மது குடிப்பவர்கள் 16 கோடி, கஞ்சாவும் பாங்கும் சேர்த்து 3 கோடி சொச்சம். கடையில் வைத்து விற்பது மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கடைக்கும் அதில் பங்கில்லை என்றால் நம்பமாட்டேன். அதுவும் நம் ஊரில் ஒரு பொருளை அரசு விற்கத் தொடங்கினால் கடைசியில் அரசுதான் அதற்கு அடிமையாகும். 45,855 கோடி பழகின கைக்கும் நடுக்கம் வரும்தானே?

அதற்காக ஜெயிலா என்றால், அதுவும் வேண்டாம். 12 நாள் உள்ளே இருந்துவிட்டு எங்களிடம் வந்த பையன்கள் பொட்டலத்தை விட்டுவிட்டு வரவில்லை, வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிற பழக்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். போர்ச்சுகலில் 2001 ஜூலையிலிருந்து, பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவனைக் குற்றவாளியாக்குவதில்லை. விற்கிறவனுக்கு இன்றும் ஜெயில்தான், கடையும் கிடையாது. பிடிபட்டவன் ஒரு சின்னக் குழு முன்னால் போய் உட்கார வேண்டும். சட்டம் தெரிந்தவர், மருத்துவம் தெரிந்தவர், சமூகப்பணியாளர் என்று இருப்பார்கள். கூடவே சிகிச்சையையும் பெருக்கினார்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2020இல் ஓட்டுப் போட்டு அதைப் போலச் செய்யப் பார்த்தது. தண்டனையை முதலில் எடுத்துவிட்டார்கள், சிகிச்சை பின்னால் ஆடி அசைந்து வந்தது. 2024இல் திரும்பக் குற்றமாக்கிவிட்டார்கள். இங்கே எங்கள் வார்டில் பத்துப் படுக்கைக்குக் கவுன்சிலர் ஒருவர், அவரும் வாரத்தில் மூன்று நாள்தான். எதை மாற்றினாலும் அதை முதலில் மாற்றுங்கள்.

மாஸ்டரை உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14446 இலவச எண், எங்கே போவது என்று சொல்வார்கள். முதல் நாள் அவன் அம்மா வேண்டாம், நீங்கள் போங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் எந்தப் பையனும் உண்மை சொல்லமாட்டான்.


பதில்: கல்வராயன் அடிவாரம்

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரன். தடை போட்டால் கள்ளச்சாராயம் வரும், கடை திறந்தால் போய்விடும் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது எங்கள் ஊரில் அரசுக் கடை திறந்துதான் இருந்தது. பிறகு ஏன் பாக்கெட் சாராயம் குடித்தார்கள்? குவார்ட்டர் விலையில் பாதிகூட இல்லை, பாக்கெட் விலை. மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனுக்கு ராத்திரி கையில் மிஞ்சுவது அவ்வளவுதான். கடை இருந்தும் அவனுக்கு எட்டாத விலையில் இருந்தால் அவனைப் பொறுத்தவரை அது மூடின கடைதான். ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டினதை நான் பார்த்தேன். மூங்கில் போதவில்லை என்று பக்கத்து ஊருக்கு ஆள் போனது.

அதன் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை, பத்து லட்சம் அபராதம் வரைக்கும் ஏற்றினார்கள். ஏற்றட்டும், விஷம் விற்றவனுக்கு வேண்டியதுதான். ஆனால் அண்ணன் கேட்ட கள்ளு கேள்வி எனக்கும் உண்டு. எங்கள் தாத்தா பனையேறி. கள்ளில் ஆளைக் கொல்கிற அளவுக்குத் தானாக மெத்தனால் வராது, ஆனால் அதிலும் மயக்க மாத்திரை கலந்து விற்ற ஆட்கள் உண்டு, தாத்தாவே சொல்லியிருக்கிறார். அந்தக் கலப்படத்தைக் காரணம் காட்டித்தான் மூடினார்கள். கலந்தவனைப் பிடிக்காமல் மரத்தைப் பிடித்தார்கள்.

இலவச டீ எனக்கு வேண்டாம், இது நியாயம் இல்லை, காரணம்.


பதில்: கம்பம் டீக்கடை

கல்வராயன் தம்பி, நியாயம் இல்லாவிட்டாலும் டீ உண்டு. கம்பம் வந்தால் வாருங்கள்.

எல்லார் பதிலையும் பெஞ்சில் வாசித்துக் காட்டினேன். தாய்லாந்துக்காரர் 2025 செய்தியைக் கேட்டுவிட்டு, "மூணு வருசமாவது குடுத்தான்ல" என்றார். சிங்கப்பூர்க்காரர் 43 கிராம் என்றதும் என் பொட்டலக் காகிதத்தில் கொஞ்சம் சர்க்கரையை வைத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. பிறகு அவர் தூக்குப் பேச்சைப் பேசவில்லை. நாளைக்குப் பேசுவார், அவர் சுபாவம் அது.

பதினொன்றரை மணி ஆட்களில் ஒருவர் மட்டும் சிஸ்டர் எழுதியதை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார், பூச்சி ஊறுவது பற்றிய இடத்தை. வாசித்தேன். 12 அடித்ததும் எழுந்து போய்விட்டார். தண்ணீரும் கப்பும் என்னிடம்தான் வாங்கினார். கொடுத்தேன்.

வக்கீலிடம் பேசியாயிற்று, மருத்துவமனைச் சீட்டோடு வரச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாஸ்டரோடு நான்தான் போகிறேன். அவன் அம்மாவிடம் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறோம். அன்றைக்குக் காலை டீ என் வீட்டுக்காரி போடுவாள். நுரை நிற்காது, வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.